காடி விட்ட பெருமூச்சு

போன மாதம் என் சின்ன மகனின் புதுக் காடி நெடுஞ்சாலையில் நின்றுபோனது. இழுத்துக்கொண்டு போய் விட்ட இடத்தில் ஒரு பையன் வந்தான். கையில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறை இல்லை. காடிக்குள் ஒரு வயரைச் செருகினான், கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையைப் பார்த்தான். "இதான் கோளாறு ஆன்டி, நாளைக்கு வாங்க லா" என்றான். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. மகன் அசந்துபோய் நின்றான். எனக்கு அலுப்புத்தான் வந்தது. அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். ஒரு காடி ஏன் நிற்கிறது என்று தெரியாமல் கவிழ்ந்த குடும்பம் எங்களுடையது. இதை யாரிடம் சொல்ல?

உங்களிடம்தான் சொல்ல வேண்டும். என் வயசு ஆட்கள் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சம் இருக்கிறீர்கள். முட்டி வலியும் சர்க்கரையும் போக மீதி நேரத்தில் படிப்பீர்கள்.

நான் மூன்றாம் வகுப்புத் தாண்டாதவள். கையெழுத்துப் போடுவேன், அதுவும் கோணலாக; இதை நான் சொல்லச் சொல்ல மகன்தான் எழுதுகிறான். ஆனால் கிள்ளானில் லோரி வைத்துப் பிழைத்த பொம்பளை யார் என்று கேட்டுப் பாருங்கள். லோரி முச்சந்தியில் திரும்பும்போதே அடுப்படியில் இருந்துகொண்டு எந்த வண்டி, எந்தப் பிளக் செத்துப்போச்சு என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எனக்குப் பெருமை என்று யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தக் காது எனக்குச் சும்மா வரவில்லை. அது வந்த கதைதான் இது.

ரப்பர் விலை விழுந்து, ஈயச் சுரங்கத்துக்கெல்லாம் பூட்டுப் போட்டு, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகச் சொந்த ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தோம். அப்பா ஒரு கண்டிராக்டரிடம் காடி ஓட்டினார். அரசாங்கத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கிற கண்டிராக்டர், நம்ம ஆள்தான். அவர் பங்களாவின் பின்பக்கம், சமையல்கட்டுக்கு ஒட்டிய ஒற்றை அறை எங்களுக்கு. ரயில் கரிப்புகை காயப்போட்ட துணியில் படிந்து, அப்பாவின் வெள்ளைக் கோட்டை அம்மா மறுபடி மறுபடி துவைக்கவேண்டி வரும்.

அப்பா டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர். துரையின் காடியைக் கழுவிக் கழுவி, துரையின் டிரைவருக்குக் கால் பிடித்து, காடி ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தார். எங்கள் வம்சத்தில் மண்வெட்டிப் பிடியை விட்டு ஸ்டீரிங் பிடித்த முதல் கை அது. அந்தக் கையை அவர் சாப்பாட்டுக்கு முன்னால் கழுவுகிற அழகைப் பார்க்கவேண்டும். விரல் விரலாகக் கழுவுவார். வேலை போனால் திரும்பத் தோட்டம், இல்லாவிட்டால் கப்பல். அதை அப்பா வாயால் சொன்னதில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

காடி, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் கண்டிராக்டர் வாங்கியது. கறுப்பு உடம்பு, சக்கரத்தில் மஞ்சள் ஆரக்கால். உள்ளே தோல் சீட்டு, பெட்ரோல், மல்லிகை, வெற்றிலை எல்லாம் கலந்து ஒரு வாடை அடிக்கும். இப்போதும் எங்காவது பழைய தோல் பையைத் திறந்தால் அதில் பாதி வாடை வரும். மீதிப் பாதி எங்கே போனதோ. அந்த வகைக் காடிக்குப் பெட்ரோல் தொட்டி பின்னால் கிடையாது. முன் கண்ணாடிக்குக் கீழே, இஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும். அதன் மூடி வெளியே, கண்ணாடிக்கு முன்னால், நட்டநடுவில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். காடியை ஒரு முகம் என்று நினைத்துக்கொண்டால் விளக்கு இரண்டும் கண், அந்த மூடிதான் நெற்றி.

கண்டிராக்டரம்மாவுக்குக் காடி என்றால் மகாலட்சுமி. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பொட்டு வைக்கவேண்டும் என்பது அவர் உத்தரவு, வைப்பது எங்கள் அம்மா. சாயங்காலம் அப்பா தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றிக் காடியைத் துடைத்து நிறுத்துவார். அம்மா குளித்துவிட்டு, கல்லில் இழைத்த சந்தனத்தைப் பித்தளைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வருவார். விளக்குக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, கடைசியாக நெற்றிக்கு. மூடியின் நடுவில் கடுகளவு ஒரு குழி இருக்கும். அதைக் குறி வைத்து அம்மா சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைப்பார். "நெத்தி வெறுமையா இருக்கக் கூடாது பாப்பா" என்பார். காய்ந்தால் அது சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போகும்.

சனிக்கிழமை கிள்ளான் பயணம். கண்டிராக்டருக்குத் துறைமுகத்துப் பக்கம் வேலை நடந்தது. கண்டிராக்டரம்மாவுக்கு அங்கே உறவு. நான் முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில். கண்டிராக்டரம்மாவின் வெற்றிலைப் பெட்டி என் மடியில், அதைப் பிடித்துக்கொள்ளத்தான் என்னை ஏற்றினார்கள். ரப்பர் பந்து வைத்த ஹாரனை அமுக்குகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது ஏறவில்லை. இஞ்சின் சத்தம் ஏறியது.

டவுனுக்குள் ஓடும்போது காடி ஒன்றும் செய்யாது. கிள்ளான் ரோட்டில்தான் வம்பு. இப்போது பெட்டாலிங் ஜெயா என்கிறீர்களே, அங்கே அப்போது இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நடுவில் சிவப்பு ரோடு. முதல் தடவை ஒரு ஆலமரத்துக்குப் பக்கத்தில் காடி விக்கல் எடுத்தது. இரண்டு குலுக்கல், ஒரு இருமல், அப்புறம் சத்தமே இல்லை. மரத்தடியில் சிவப்புத் துணி சுற்றின ஒரு கல், முனியாண்டி.

"என்னய்யா ஆச்சு?" கண்டிராக்டர் பின்சீட்டில் இருந்து கேட்டார்.

"தெரியலீங்க மொதலாளி. பாக்குறேன்."

அப்பா பானெட்டைத் தூக்கினார். வயரை எல்லாம் தொட்டுப் பார்த்தார். குழாயைத் தட்டினார். கடைசியில் சீட்டுக்கு அடியில் இருந்து பிரம்புக் குச்சியை எடுத்தார். பெட்ரோல் அளக்கிற குச்சி அது, அடிப்பாகம் கறுத்து வழவழவென்று இருக்கும். மூடியைத் திருகினார். திறந்ததும் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீளமான சத்தம் வந்தது.

"பாரு பாப்பா, இதுக்கும் அலுப்பு. பெருமூச்சு விடுது" என்றார் அப்பா. நான் சிரித்தேன்.

குச்சி முக்காலும் நனைந்து வந்தது. பெட்ரோல் இருந்தது. மூடியைத் திரும்பப் போட்டார். அதற்குள் கண்டிராக்டரம்மா இறங்கிப்போய், புருசன் சட்டைப்பையில் இருந்த சுருட்டைப் பற்றவைத்து முனியாண்டிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தார். அப்பா ஸ்டார்ட்டரை மிதித்தார். காடி ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்தது.

"பாத்தீங்களா? வழியில இருக்கிறவரக் கும்பிடாமப் போனா விடுவாரா?" என்றார் கண்டிராக்டரம்மா.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் நின்றது. ஒரு சனிக்கிழமை ஆலமரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி, ஒரு சனிக்கிழமை பத்து தீகா என்கிற ஊர்ப் பக்கம். சில நாள் போகும்போது இரண்டு தடவை நிற்கும். நிற்கிற இடத்தில் எல்லாம் கண்டிராக்டரம்மா இறங்கிச் சுருட்டு வைப்பார். கண்டிராக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் கேட்டார்: "இந்த ரோட்டுல மொத்தம் எத்தன முனி இருக்குடி? எனக்குப் பத்த வைக்க ஒண்ணு மிச்சம் வைப்பியா?"

எங்கள் சின்ன மாமா, அம்மாவின் தம்பி, ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். ரயில் இஞ்சினையே பிரித்துப் பூட்டுகிறவன், இது என்ன பொட்டிக் காடி என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காடியைச் சுற்றி நடந்தார், குனிந்தார், காதை வைத்தார்.

"மச்சான், ஸ்டீம் கம்மி."

"இதுல ஸ்டீமே கெடையாதேப்பா."

"அதைத்தான் சொல்றேன். கம்மி."

அப்பா சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்பா சிரித்ததில் எனக்கு நினைவிருக்கிற கடைசிச் சிரிப்பு அதுதான். பிறகு மாமா, இஞ்சின் சூடேறிப் பெட்ரோல் குழாயில் ஆவி அடைக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, நின்றால் ஈரக் கோணியை அதன்மேல் போடச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை நின்றது, கோணியைப் போட்டோம், அப்பா வழக்கம்போல மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார், காடி எழுந்தது. மாமாவுக்குத் தலை கால் புரியவில்லை. அதற்கடுத்த வாரம் கோணி போட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மறுபடி நின்றது.

இப்போது உட்கார்ந்து யோசித்தால் அலுப்பாக இருக்கிறது. அந்தக் காடிக்கு எந்த வைத்தியம் செய்தாலும் பலித்தது. சுருட்டு வைத்தாலும் பலித்தது, கோணி போட்டாலும் பலித்தது, அரைமணி நேரம் திட்டினாலும் பலித்தது. ஒவ்வொருவரும் தன் மருந்தைத்தான் நம்பினார்கள். எல்லாவற்றோடும் கூடவே அப்பா மூடியைத் திறந்து மூடினார், அது மருந்து என்று அவருக்கே தெரியாது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கத்தானே திறந்தார்.

கண்டிராக்டர் வேறு கணக்குப் போட்டார். சிநேகிதர் யாரோ சொல்லிவிட்டார்கள், டிரைவர்கள் பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுவார்கள், அந்தக் காசில் குடிப்பார்கள் என்று. ஒரு நாள் காடி நின்றதும் இறங்கி வந்து, பெட்ரோல் நனைந்த குச்சியை வாங்கி மோந்து பார்த்தார். அப்புறம் அப்பாவின் முகத்துக்குக் கிட்டே வந்து நின்றார்.

"ஊது."

"மொதலாளி, நான் குடிக்கிறதில்லீங்க."

"ஊதுய்யா."

அப்பா ஊதினார். என் கண்ணுக்கு முன்னால் ஊதினார். வெற்றிலைப் பெட்டியின் மூடியை நான் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கிள்ளான் போய்ச் சேரும்வரை ஹாரனை நான் தொடவில்லை.

அதன்பிறகு அப்பா மெலிந்துபோனார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எங்கேயோ பார்ப்பார். காடிச் சத்தம் கேட்டால் தலையைச் சாய்த்து ஒவ்வொரு வெடியையும் எண்ணுகிற மாதிரிக் கேட்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். என் காது பழகினது அப்படித்தான்.

அம்மாவின் கண்டுபிடிப்பு, கண் திருஷ்டி. "தோட்டத்துல புல்லு வெட்டுனவன் வெள்ளக் கோட்டுப் போட்டு ஓட்டுறான்னு எத்தன கண்ணு." மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தனத்தை இன்னும் கொஞ்சம் கெட்டியாக, இன்னும் கொஞ்சம் பெரிதாக அப்பினார்.

கடைசியில் கண்டிராக்டரே காடியை ஒரு சீனத் தவுக்கேயிடம், பட்டறை முதலாளியிடம், அனுப்பினார். ஆற்றோரத் தகரக் கொட்டகை. தவுக்கே சட்டை போடாத மனிதர், வாயில் எப்போதும் அணைந்த சிகரெட். தொட்டியில் இருந்த பெட்ரோல் முழுவதையும் இறக்கித் துணியில் வடிகட்டினார். கார்பரேட்டரைப் பிரித்து ஊதினார். பிளக்கைச் சுரண்டினார். எல்லாம் பூட்டி முடித்து, மண்ணெண்ணெய்த் துணியால் காடியின் மூஞ்சி முழுக்க அழுத்தித் துடைத்தார். அம்மா வைத்த பொட்டெல்லாம் போனது. பிறகு தானே ஓட்டிக்கொண்டு, அப்பாவையும் என்னையும் உட்காரவைத்து, பத்து தீகா வரை போய்த் திரும்பி வந்தார். ஆலமரம், பாலம், ஓர் இடத்திலும் காடி ஒரு இருமல் இருமவில்லை.

"காடி பாகுஸ்லா" என்றார் கண்டிராக்டரிடம். அதாவது, நல்லாத்தான் இருக்கு. "எல்லாம் பாகுஸ். உங்க டிரைவர் மட்டும் ரொம்ப பயம்."

தவுக்கே அதை இரக்கத்தோடுதான் சொன்னார். கண்டிராக்டர் காதில் அது வேறாக விழுந்தது. காடியில் குறை இல்லை என்றால் குறை எங்கே என்று அவர் அப்பாவையே பார்த்தார். அப்பா அதைக் கவனிக்கவில்லை. காடி குணமான சந்தோசம் அவருக்கு. வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார், சிவப்புச் சாயம் ஊற்றின ஐஸ் உருண்டை. முழங்கை வரை ஒழுகியது.

வாசலில் அம்மா காடியைப் பார்த்துப் பதறிப்போனார். "நெத்திய அழிச்சுட்டானே பாவி."

அந்த வாரக் கடைசியில்தான் கண்டிராக்டரின் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு கிள்ளானில், தட்டை இவர்கள் எடுத்துக்கொண்டு போகவேண்டும். ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்றிவிட வேண்டும். முதல் நாள் கண்டிராக்டர் கண்ணெதிரில் பெட்ரோல் ஊற்றப்பட்டது. தொட்டி வாய் தளும்புகிற வரை நிறைத்தார்கள். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டார்.

"தவுக்கே நல்லாருக்குன்னு சொல்லிட்டான். நாளைக்கு நின்னா அது காடி செய்யிற வேல இல்ல. நீ அங்கயே எறங்கி நடந்துக்க. ரூமையும் காலி பண்ணிக்க."

"நிக்காதுங்க மொதலாளி" என்றார் அப்பா. நிஜமாகவே நம்பிச் சொன்னார்.

அம்மா விடியலில் இருந்து சந்தனம் இழைத்தார். சந்தனக் கட்டை கல்லில் உரசுகிற அந்தச் 'சர் சர்' சத்தத்தில்தான் கண் விழித்தேன். தலைகூடத் துவட்டாமல் போய்க் காடிக்கு முன்னால் நின்று, முதலில் நெற்றிக்கு வைத்தார். வழித்து வழித்து வைத்தார். குங்குமம், அதன்மேல் ஒரு மல்லிகைப் பூ. உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மாங்கல்யத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவு மனசோடு ஒரு காரியத்தை இன்னொரு மனுசி செய்து நான் பார்த்ததில்லை.

ஆலமரத்தைத் தாண்டவில்லை. விக்கல், குலுக்கல், இருமல், அமைதி.

பின்சீட்டில் பட்டுச்சேலைச் சரசரப்புகூட நின்றுவிட்டது. அப்பா ஸ்டார்ட்டரை மிதித்தார், மிதித்துக்கொண்டே இருந்தார். இஞ்சின் முனகியது, எழவில்லை. பேட்டரி சோர்ந்துபோனது. இறங்கிச் சீட்டுக்கு அடியில் குச்சிக்குக் கை விட்டார்.

"குச்சியக் கீழ போடு" என்றார் கண்டிராக்டர். "ஒவ்வொரு தடவையும் மூடியத் தொறக்கிறதும் மோந்து பாக்கிறதும், நாடகமா ஆடுற? பெட்ரோலு என் கண்ணு முன்னால ஊத்துனது. ஹேண்டில் அடி."

அப்பா குச்சியைப் போட்டார். முன்னால் போய், இஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். சுற்றினார், நிமிர்ந்தார், சுற்றினார். வெள்ளைக் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. மரத்தடியில் சுருட்டுப் புகைந்தது. கண்டிராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "அடிய்யா" என்றார். இஞ்சின் ஒரு தடவை வெடித்தது. வெடித்து ஹேண்டிலைத் திருப்பி அடித்தது. காய்ந்த ரப்பர் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

அப்பா கத்தவில்லை. ரோட்டில் உட்கார்ந்தார். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பி இருந்தது. நான் சீட்டில் எழுந்து நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "பாப்பா, பொட்டியக் கீழ போட்டுடாத" என்றார்.

காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு சீன லோரியைக் கண்டிராக்டர் கைகாட்டி நிறுத்தினார். பழத்தட்டு, பட்டுச்சேலைத் தட்டு, வெற்றிலைத் தட்டு எல்லாம் கீரைக் கட்டுகளுக்கு நடுவில் ஏறின. கண்டிராக்டரம்மா என் மடியில் இருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அப்பாவின் கையைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றார். அப்புறம் லோரி போய்விட்டது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, மகள் கல்யாண விசயம்.

ரோட்டில் அப்பாவும் நானும் காடியும்தான். ரொம்ப நேரம் மரங்கொத்திச் சத்தம் மட்டும் கேட்டது. என்ன தோன்றியதோ, அப்பா எழுந்து இடது கையால் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்ஸ்ஸ்.' அன்றைக்கு வந்தது மாதிரி ஒரு நீளமான மூச்சு அதற்கு முன்னால் வந்ததில்லை. நான் சிரிக்கவில்லை. மூடியைச் சும்மா மேலே வைத்தார், திருகக் கை இல்லை.

"ஸ்டார்ட்டர மிதிச்சுப் பாரு பாப்பா."

ஓய்ந்திருந்த பேட்டரி கொஞ்சம் தெம்பு பிடித்திருந்தது. மிதித்தேன். காடி எழுந்தது. பார்க்க ஆளில்லாத ரோட்டில் பட்டு மாதிரி ஓடியது. அப்பா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அணைச்சிடு" என்றார்.

அவ்வளவுதான். எலும்பு கட்டுகிறவர் கட்டிவிட்ட கை கோணலாகக் கூடியது. நாங்கள் டெங்கில் தோட்டத்துக்கே திரும்பினோம். உளி பிடித்து ரப்பர் மரத்தில் பால் வெட்ட அந்தக் கை மடங்கவில்லை, புல் வெட்டுக்குத்தான் பேர் கொடுத்தார்கள். என் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது, நான் பால் வெட்டினேன். கொஞ்ச நாள் கழித்துச் சின்ன மாமா பார்க்க வந்தார். கண்டிராக்டர் ஒரு மலாய்க்காரரை டிரைவராக வைத்திருக்கிறாராம்.

"காடி எப்டி ஓடுது?" என்று அப்பா கேட்டார்.

மாமா கொஞ்சம் தயங்கினார். "கப்பல் மாதிரிப் போகுதாம் மச்சான். ஒரு எடத்துலயும் நிக்கலியாம்."

"அப்ப காடியில இல்ல" என்றார் அப்பா. தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "ராசியில்லாத கை."

அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியின் ஸ்டீரிங்கையும் தொடவில்லை. நான் விறகு விற்று, ஐஸ் விற்று, பங்குக்கு ஒரு லோரி எடுத்து, பங்காளியை வெளியேற்றி, கிள்ளானில் சொந்தக் கொட்டகை போட்டேன். அந்தக் கதையைத் தனியாக ஒரு நாள் முழுக்க அளக்கலாம், அளந்தும் இருக்கிறேன், கேட்டுச் சலித்தவர்கள் உங்களிலேயே உண்டு. முதல் சொந்த லோரியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்கப்பா" என்றேன். முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின்னால் போய், சரக்கு மூட்டையோடு ஏறி உட்கார்ந்தார். "முன்னால வேணாம்மா. புது வண்டி." எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. சாகிற வரைக்கும் என் லோரியில் மூட்டையோடு மூட்டையாகத்தான் வந்தார்.

அவர் போய்ச் சில வருசம் கழித்து, சரஸ்வதி பூசை முடிந்த வாரம், என் லோரி ஒன்று தெலுக் பங்லிமா காராங் போகிற வழியில் நின்றுவிட்டது. நானே போனேன். டிரைவர் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "எல்லாம் பாத்துட்டேன் அக்கா. கார்பரேட்டர், பிளக், ஒண்ணும் குறையில்ல." பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினேன்.

'உஸ்ஸ்ஸ்.'

மூடி என் கையில் இருந்தது. பிறகு அதைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் பூசைக்கு அம்மா வைத்த சந்தனம் காய்ந்து கிடந்தது, மேலே குங்குமம். கொண்டை ஊசியை எடுத்துக் குத்தினேன், சந்தனம் ஒரு கட்டியாக உதிர்ந்தது. அடியில் கடுகளவு ஓட்டை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வானம் தெரிந்தது.

கண்டென்ஸ் பால் டின்னை எப்படித் திறப்போம்? ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் வராது. இன்னொன்று போடவேண்டும், காற்று உள்ளே போனால்தான் பால் வெளியே வரும். அந்த மூடி ஓட்டை அந்த இன்னொரு ஓட்டை. பெட்ரோல் குறையக் குறையத் தொட்டி மூச்சு இழுக்கவேண்டும். அடைத்துவிட்டால் கொஞ்ச தூரம் தம் கட்டி ஓடும், அப்புறம் நின்றுவிடும். திறந்தால் மூச்சு வரும். எங்கள் அம்மா வாழ்நாள் முழுக்கப் பால் டின்னில் இரண்டு ஓட்டை போட்டவர்தான். தவுக்கே பொட்டைத் துடைத்தார், காடி ஓடியது. அம்மா வைத்தார், நின்றது. மலாய்க்கார டிரைவர் காலத்தில் பொட்டு வைக்க அம்மா அங்கே இல்லை.

"ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிட்டீங்களே அக்கா" என்றான் டிரைவர். நான் பெருமை பேசத் தயங்காதவள். அன்றைக்கு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன், தண்ணீர் கேட்டேன்.

அம்மா அப்போது உயிரோடு இருந்தார். அவரும் போய் வருசங்கள் ஆனதால்தான் இன்றைக்கு இதை வெளியே சொல்லவே முடிகிறது. அடுத்த சரஸ்வதி பூசைக்குக் கொட்டகையில் லோரிகளைக் கழுவி வரிசையாக நிறுத்தியிருந்தோம். அம்மா அதே பித்தளைக் கிண்ணத்தோடு, முதுகு வளைந்து, ஒவ்வொரு லோரியாக வந்தார். விளக்குக்கு வைத்தார், சக்கரத்துக்கு வைத்தார். பிறகு கிண்ணத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு பெட்ரோல் மூடியைத் தேடிப் போனார்.

"அங்க வேணாம்மா" என்றேன்.

"ஏன்டி?"

"பெயின்ட் போயிடும்."

"பெயின்ட்டா." அம்மா சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "அந்தக் காடிக்கு நான் வைக்காத பொட்டா? ஒரு வெள்ளிக்கெழம தப்புனதில்ல. என்ன செய்ய, உங்கப்பாவுக்குக் குடுத்து வைக்கல."

"ஆமாம்மா" என்றேன்.

அவர் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் கொண்டுவந்தேன். கதவில் வைத்தார், பெரிதாக, அழகாக. கும்பிட்டுவிட்டு அடுத்த லோரிக்கு நகர்ந்தார். நான் சேலைத் தலைப்பால் மூடியைத் துடைத்தேன். அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தேன்.